முகம் கழுவிய பதினோராம் நாள்

அத்தியாயம் 7

அலமு முகம் கழுவினாள். துண்டால் துடைத்தாள். பொட்டு வைத்தாள். அவ்வளவுதான்.

முன்பு இதற்கு ஐம்பது நிமிடம் ஆகும்.

பதினோரு நாட்களுக்கு முன்னால், காமாட்சியம்மன் கோயில் வரிசையில், அவளுக்கு முன்னால் நின்ற பெண் கைப்பேசியில் பட்டுச்சேலைக் கடையின் லைவ் வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சேலை காட்டிக்கொண்டிருந்தது அலமு.

"இந்த அக்கா ஸ்கின்ன பாரு, மாவாட்டம்," என்று தங்கையிடம் காட்டினாள் அந்தப் பெண். பிறகு திரும்பி அலமுவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. மேல இடிக்கிற."

அலமு தள்ளி நின்றாள். வீட்டுக்கு வந்து சொன்னாள். ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள். ஃபவுண்டேஷன் இல்லை, மை இல்லை, உதட்டுச் சாயம் இல்லை, தலைக்கு டை இல்லை, த்ரெடிங் இல்லை.

"எந்தச் சாமிக்கு?" என்று கேட்டான் அவள் கணவன் அருள்.

"சாமிக்கு இல்ல. எனக்கு."

இன்று கண்ணாடியில் தெரிந்தது நாற்பத்து மூன்று வயது முகம். கன்னங்களில் மங்கு. வகிட்டில் நெல் அகலத்துக்கு நரை. மேலுதட்டில் முடி. முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் பார்வை தானாக விலகியது. இன்று நூறு வரை எண்ணினாள்.

"அம்மா."

தீபிகா கதவருகில் நின்றாள். கையில் மேக்கப் பெட்டி. பத்தொன்பது வயது. ஏனாத்தூரில் பி.காம். மூன்று வருஷமாக அம்மாவின் முகம் அவள் பொறுப்பு.

"இன்னிக்கி மட்டும்மா. ஆவணி முகூர்த்த லைவ். பத்து நாளா உனக்குக் கண்ணு வலின்னு சொல்லி உமாபதி சார் பழைய வீடியோவ ஓட்டுனாரு. இன்னிக்கி ஓட்ட முடியாது."

"தெரியும்."

"லைட்டா போடறேன். போட்டதே தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்குப் போடணும்?"

"மீசை தெரியுதும்மா."

"தெரியட்டும்."

"காலேஜ்ல எல்லாம் பாப்பாங்க. உங்கம்மாவுக்கு இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்றது?"

"முகம் கழுவிக்கினாங்கன்னு சொல்லு."

தீபிகா சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷம் போட்டேன். பரீட்சை அன்னிக்கிகூட உனக்குப் போட்டுட்டுதான் பஸ் புடிச்சேன். அப்ப அதெல்லாம் வேஸ்ட்டு."

"நீ நல்லாதான் போட்ட. அந்தக் கோயில் பொண்ணு என்னைக் கண்டுபுடிக்கவே இல்லியே."

"அது என் தப்பா?"

"இல்ல கண்ணு."

"அப்ப ஏன் எனக்குக் குடுத்த தண்டனை மாதிரி இருக்குது?"

அந்த நேரத்தில் அருள் கொல்லையிலிருந்து உள்ளே வந்தான். கொல்லையில்தான் அவனுடைய சாயப்பட்டறை. உமாபதியின் சேலைக் கடைக்குப் பட்டுநூல் சாயம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். முழங்கை வரை அரக்கு நிறம். கைப்பேசியை இரண்டு விரலால் பிடித்திருந்தான்.

"உமாபதி பேசறாப்ல. ஆற்காட்டுலேர்ந்து ஒரு சேலை திரும்பி வந்திருக்குதாம். சாயம் தப்புன்றாப்ல."

"எந்தச் சேலை?"

"வெங்காயச் சருகுக் கலரு. போன மாசம் நான் போட்ட லாட்டு."

இருபத்திரண்டு வருஷத்தில் அருளிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவன் கையைக் கழுவினான். நிறம் போகவில்லை. அது எப்போதும் போகாது. ஒவ்வொரு லாட்டிலும் விரல் கனத்துக்கு ஒரு முறுக்கு நூலை எடுத்து, தேதிச் சீட்டு கட்டி, மாடத்தில் வைப்பது அவன் பழக்கம். போன மாத முறுக்கைத் தேடி எடுத்தான். சட்டை மாட்டினான்.

"நானும் வரேன்."

"லைவ்ல வித்ததா அது?" என்று கேட்டாள் தீபிகா. குரல் இறங்கியிருந்தது.

"ஆமா. ஏன்?"

"சும்மாதான்."

*

கடை காந்தி ரோட்டில். அலமு அங்கே சேர்ந்து பதினாலு வருஷம். கேமரா முன் உட்கார்ந்து மூன்று வருஷம். அந்த நாற்காலியைப் போட்டது உமாபதி. அப்பாவிடமிருந்து கடைப் பொறுப்பை வாங்கியதும் அவன் செய்த முதல் வேலை.

சேலை விரிக்கும் மெத்தையில் ஒரு அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெயர் ஜோஹரா. ஆற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். முன்னால் சேலை விரிந்து கிடந்தது.

"அஞ்சு நாள்ல பொண்ணுக்கு நிக்காஹ். ப்ளவுஸு, வளையலு எல்லாம் ரோஸுக்கு எடுத்தாச்சு. இது இன்னாமா, வெங்காயத் தோலாட்டம்?"

"வெங்காயச் சருகுதாம்மா அது. லைவ்ல பேர் சொல்லித்தான் வித்தோம்," என்றாள் அலமு.

"நீங்க சொன்னத யாரு கேட்டா? காட்டுனதப் பாத்தேன்."

"அருள் அண்ணே, சாயம் வெளுத்துருக்கும்," என்றான் உமாபதி.

அருள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போனான். டியூப்லைட்டில் எந்தச் சாயக்காரனும் நிறம் பார்க்க மாட்டான். நூல் முறுக்கைச் சேலையின் மேல் வைத்தான். முறுக்கு எங்கே முடிகிறது, சேலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"மடிப்புக்குள்ள பாருங்க. வெளிச்சம் படாத எடம். வெளுத்திருந்தா அங்க வேற கலர் இருக்கணும்."

உமாபதி பார்த்தான். அங்கேயும் அதே நிறம்.

ஜோஹரா தன் கைப்பேசியை நீட்டினார். "அப்ப இது இன்னா?"

வீடியோவில் சேலை பன்னீர் ரோஜா நிறம். அதைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வழுவழுவென்று முகம். அலமு சேலையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். அந்தக் கன்னத்தில் இருந்த அதே ரோஜா நிறம்தான் சேலையிலும் இருந்தது.

"தம்பி, லைவ் ஃபோனக் குடுங்க."

வாசல்படியிலேயே சேலையைப் பிடித்துப் படம் எடுத்தாள். ரோஜா. ஃபில்டர் என்று எழுதிய இடத்தை இரண்டு முறை தவறாகத் தொட்டு, மூன்றாம் முறை அணைத்தாள். திரும்ப எடுத்தாள். வெங்காயச் சருகு.

"என் நிறத்தவிட ரெண்டு படி வெளுப்பாப் பூசுவோம்," என்றாள். "நம்ம வட்ட லைட்டுல அது சாம்பலாத் தெரியும். சாம்பலா தெரியக் கூடாதுன்னு ஃபில்டர்ல ரோஸ் ஏத்துவோம். முகத்துக்கு ஏத்துனது சேலைக்கும் ஏறியிருக்குது. அவரு சாயம் சரியாத்தான் இருக்குது."

"யாரு ஏத்துனது?" என்றான் உமாபதி.

"நான்தான்."

அருள் அவளைப் பார்த்தான். இப்போதுதான் அவள் ஃபில்டரைத் தேடித் தடுமாறியதைப் பார்த்திருந்தான். கையிலிருந்த நூலை விரலில் சுற்றத் தொடங்கினான்.

ஜோஹராவுக்கு வேறு சந்தேகம். "முகத்துக்குன்றியே, யாரு முகத்துக்கு?"

"என் முகத்துக்கு."

ஜோஹரா வீடியோவைப் பார்த்தார். அலமுவைப் பார்த்தார். மறுபடி வீடியோ.

"இது நீயா?"

"நான்தாம்மா."

"யா அல்லா! அதுல பொம்மையாட்டம் இருக்குற. நேர்ல ஆளாட்டம் இருக்குற." பிறகு கைப்பேசியை மூடினார். "சரி, அந்த ரோஸ எடு."

"அந்தக் கலர் ஃபோன்லதாம்மா இருக்குது. கடையில இல்ல."

ஜோஹரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தினி மணிக்கு உன் வீடியோ?" என்று கேட்டார் ஜோஹரா.

"நாலு மணிக்கு."

"எம் பொண்ணு ஷாஹீன் வீட்லேர்ந்து பாப்பா. நான் இங்கயே உக்காந்து ரெண்டு கண்ணால பாப்பேன். அவளுக்கும் எனக்கும் ஒரே கலர் தெரிஞ்சா அவ சொல்ற சேலைய எடுத்துக்கினு போறேன். இல்லன்னா வேற கடை."

அருள் நூலைச் சட்டைப் பையில் போட்டான். உமாபதி ஏதாவது சொல்வான் என்று கொஞ்சம் நின்றான். உமாபதி கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அருள் கிளம்பினான்.

வாசலில் அலமுவிடம் மெதுவாகச் சொன்னான். "தீபிகா பாப்பாகிட்ட நான் எதுவும் கேக்கல."

"கேக்காதீங்க."

*

மூன்று மணிக்கு உமாபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஃபில்டர் வேணாம், சரி. முகத்துக்காச்சும் கொஞ்சம் போட்டுக்குங்கக்கா."

"ஃபில்டர் இல்லாம அதப் போட்டா சாம்பல் பூசுன மாதிரி இருக்கும் தம்பி."

"ஒன்னும் போடலன்னா?"

"போடலன்னா இதோ இப்டி இருக்கும்."

உமாபதி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அக்கா, நீங்க நல்லா விப்பீங்க. அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஜனங்க முகத்தப் பாத்துத்தான் நிக்கறாங்க. ஒரு புதுப் பொண்ணு பேசி வச்சிருக்கேன். சின்ன வயசு. இன்னிக்கி நீங்க உக்காருங்க. வழக்கமா இருபது சேலைக்குக் குறையாது. குறைஞ்சா வெள்ளிக்கிழமைலேர்ந்து அந்தப் பொண்ணு உக்காரும். நீங்க கவுண்டரப் பாத்துக்குங்க."

பதினாலு வருஷத்தில் பதினோரு வருஷம் அவள் கவுண்டரில் நின்றவள்தான். அது கேவலமான இடம் இல்லை. ஆனால் அங்கிருந்து அவள் எழுந்து வந்தது சேலையைப் பற்றிப் பேசத் தெரிந்ததால். இப்போது திரும்பப் போவது முகத்தால் என்றால், அதற்கு அவள் ஒத்துக்கொள்வதாக இல்லை.

"சரி தம்பி. லைட்ட வாசல் பக்கம் திருப்பி வைங்க. நாற்காலியும் வாசல் பக்கம் போகட்டும்."

நான்கு மணி. லைவில் அறுநூறு பேர்.

"வணக்கம். நான் அலமு. இன்னிக்கி ஃபில்டர் இல்ல. சேலை எப்படி இருக்குதோ அப்படியே தெரியும். நானும் அப்படித்தான்."

கைப்பேசிக்குப் பின்னால் நின்று உமாபதி கருத்துகளைப் படித்தான். படிக்க வேண்டியது அவன் வேலை. முதலில் தயங்கினான். பிறகு படித்தான்.

"'அக்கா உடம்பு சரியில்லையா?'"

"நல்லா இருக்கேன். இது மாம்பழ மஞ்சள், பச்சை பார்டர்."

"'இது அலமுக்காவோட அம்மாவா?'"

"எங்கம்மா இதவிட நல்லா இருப்பாங்க. பார்டர் பாருங்க, கோர்வை. உடம்பும் பார்டரும் தனித்தனியா நெய்து சேத்தது. பின்னாடி திருப்பிக் காட்டறேன்."

உமாபதி நிறுத்தினான்.

"படிங்க தம்பி."

"'மீசை இருக்குது.'"

மெத்தையில் ஜோஹரா நிமிர்ந்தார். அலமுவின் இடது கை தானாக எழுந்தது. வாய் வரை வந்தது. அதை அவள் பார்த்தாள். திரும்பவும் சேலை மேல் வைத்தாள்.

"இருக்குது," என்றாள். "பதினோரு நாளா வளருது. அடுத்த சேலை."

அறுநூறு நானூறாயிற்று. பிறகு இருநூற்று நாற்பது. அந்த எண் திரையின் மூலையில் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுத்த சேலையைப் பிரித்தாள். மயில்கழுத்து. காபிப்பொடி. கத்தரிப்பூ. ஒவ்வொன்றையும் முந்தானையிலிருந்து தொடங்கி, வாசல் வெளிச்சத்தில் நீட்டி, தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். "மாநிறத்துக்கு இது எப்படி இருக்கும்னு என் முகத்தப் பாத்தே சொல்லலாம். முன்னாடி சொல்ல முடியாது."

"'அக்கா எனக்கும் மங்கு இருக்கு, அந்தக் கத்தரிப்பூ திரும்பக் காட்டுங்க,'" என்று படித்தான் உமாபதி.

காட்டினாள்.

ஆற்காட்டிலிருந்து ஷாஹீனும் அந்தக் கத்தரிப்பூவையே கேட்டு எழுதினாள். ஜோஹராவின் கைப்பேசி அடித்தது. மகளிடம் உருது கலந்து வேகமாகப் பேசினார். எழுந்து வந்தார். லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அலமுவின் கையிலிருந்து கத்தரிப்பூ சேலையை வாங்கினார். ஒரு கையில் சேலை, மறு கையில் கைப்பேசியில் ஷாஹீன் லைவிலிருந்து எடுத்து அனுப்பிய படம். வாசல்படியில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒன்னுதான்," என்றார். "ப்ளவுஸயும் வளையலயும் நான் மாத்திக்கறேன். இத மடி."

ஐந்து மணிக்கு முடிந்தது. அப்போது எண் முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏறியிருந்தது. விற்றது ஏழு.

"ஏழு," என்றான் உமாபதி.

"ஏழும் திரும்பி வராது."

"அது சரிதான்." தலையைச் சொறிந்தான். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "ஆனா சொன்னது சொன்னதுதான்க்கா. வெள்ளிக்கிழமை புதுப் பொண்ணு."

"யாரு அது?"

உமாபதி லைட்டை அணைத்தான். வயரைச் சுருட்டினான். முழுவதும் சுருட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"சொல்லுங்க தம்பி. நாளைக்கி நான்தானே கத்துக்குடுக்கணும்?"

"நம்ம தீபிகாதான்க்கா."

*

ஆறரை மணிக்குத் தீபிகா கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா செருப்பு கழற்றும் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

அலமு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்ப சொன்ன அவர்கிட்ட?"

"சனிக்கிழம." உடனே பதில் வந்தது. காத்திருந்த பதில். "அவருதான் கேட்டாரு. நீ எழுந்துட்டா அந்த இடம் வேற யாருக்காச்சும் போய்டும். நம்ம வீட்லயே இருக்கட்டும்னு நெனச்சேன்."

"அவ்ளோதானா?"

தீபிகா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள்.

"அவ்ளோதானா கண்ணு?"

"இல்ல." உதட்டைக் கடித்தாள். "மூணு வருஷமா உன் முகத்துக்குப் பின்னாடியே நிக்கறேன். ஒரு தடவ முன்னாடி உக்காரணும்னு எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். அத என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா?"

"சந்தோஷப்பட்டிருப்பேன். கோவமும் பட்டிருப்பேன். இப்ப கோவம் மட்டும் இருக்குது."

கொல்லையில் அருள் வாளி நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"லைவ் ஃபோன் ஃபில்டர்ல அந்த ரோஸ் நான் வச்சதும்மா," என்றாள் தீபிகா. "காலையிலியே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பாவ உமாபதி சார் திட்டுனாரா?"

"திட்டல. நான் வச்சேன்னு சொல்லிட்டேன்."

தீபிகாவின் கண் நிறைந்தது. துடைக்க முடியாமல் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டாள். துடைத்தால் மை கலைந்துவிடும். அலமு அதைக் கவனித்தாள். வீட்டுக்குள், சாயங்காலம், தன் அம்மா முன்னால். அழுவதற்குக்கூட இந்தப் பெண் முகத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மகளின் வெறும் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம்? அலமு யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளியலறையிலிருந்து முழு அலங்காரத்தோடு வெளியே வரும் பெண். அதைச் சுறுசுறுப்பு என்று மெச்சிக்கொண்டிருந்தாள் இவ்வளவு நாளும்.

"இன்னிக்கி லைவ் பாத்தியா?"

"பாத்தேன். மீசைன்னு ஒருத்தன் போட்டான்ல? நான் ஃபோனக் கவுத்து வச்சுட்டேன். உன்னால எப்படிம்மா பேச முடிஞ்சுது?"

"முடியல. பேசுனேன்."

"எனக்கு வராதும்மா. நான் இது இல்லாம கேட்டத் தாண்ட மாட்டேன்."

அலமு கைப்பேசியை எடுத்தாள். உமாபதியின் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா."

"தம்பி, வெள்ளிக்கிழமை தீபிகா வரும். நானும் வருவேன். ரெண்டு நாற்காலி போடுங்க."

"ரெண்டா? அக்கா, நம்ம பேசுனது…"

"நீங்க ஏழுன்னு எண்ணுனீங்க. அந்த ஆற்காட்டு அம்மா கடைய விட்டு எறங்கறதுக்குள்ள அவங்க சம்பந்தி வூட்டுக்கு ஃபோன் போட்டு, இந்தக் கடைல காட்டறதும் குடுக்கறதும் ஒன்னுன்னு சொன்னாங்க. நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க. ஃபில்டர் இல்லாம நடத்தணும்னா சேலையப் பத்திப் பேச ஆள் வேணும். பேசறது நான். தீபிகா என் பக்கத்துல உக்காந்து கத்துக்கட்டும். நாற்காலி போடலன்னா நின்னுக்கினு விக்கிறேன். எனக்கு ஒன்னும் இல்ல."

மறுமுனையில் ஷட்டர் இறக்கும் சத்தம். பிறகு உமாபதியின் குரல்.

"ஒரு தடவ பாக்கலாம்க்கா. ஒரே தடவ."

கைப்பேசி அணைந்தது.

தீபிகா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபில்டர் இருக்காதாம்மா?"

"இருக்காது."

"அப்ப நான் போட்டுக்கினு வந்தா…"

"சாம்பலாத் தெரியும்."

"போடாம வந்தா?"

"நீ எப்படி இருப்பியோ அப்படித் தெரியும். எனக்கும் தெரியாது அது எப்படின்னு. போட்டுக்கினு வா, போடாம வா, வராமலேயே இரு. அது உன் இஷ்டம். நான் உனக்கு எதையும் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் எழுந்துக்க மாட்டேன்."

அலமு எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி களைந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

உலை கொதித்தது. பிறகு குளியலறைக் கதவு திறந்தது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது.

நின்றது.

மறுபடி விழுந்தது.

அலமு திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.